முதுகு மட்டும் தெரிகிற ஆண்கள்

மலை உச்சியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிற ஆளுக்கு முகம் இருக்கக் கூடாது. எங்கள் பத்திரிகையில் அது எழுதாத சட்டம். ஆண்களுக்கான ஆங்கிலப் பத்திரிகை அது. வெளியே போ, காட்டில் நட, கடலில் துடுப்புப் போடு என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தது. படத்தில் இருப்பவன் முதுகைத்தான் காட்டுவான். முகம் தெரிந்தால் அது யாரோ ஒருவன் போன பயணமாகிவிடும். முதுகு என்றால், வாங்குகிறவன் அந்த இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்துக்கொள்வான். இந்த வகைப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். நம்பாவிட்டால் அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது மேசையில் கிடப்பதைப் புரட்டிப் பாருங்கள்.

அந்த முதுகுகளில் பல என்னுடையவை. மாடல்களை வைத்துப் படமெடுக்கிற வசதி எங்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அலுவலகத்தில் யார் முதுகு நேராக இருக்கிறதோ அவரை இழுத்துக்கொண்டு போவார்கள். பின்மண்டையில் எனக்கு வழுக்கை விழுந்ததும் மரியாதையாக ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நீங்கள் மலை என்று நினைத்துப் பெருமூச்சு விட்டது பெரும்பாலும் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் பழைய கல்குவாரிதான். எங்கள் வீடு இருக்கிற புளோக்கிலிருந்து பொடிநடை தூரம். கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பின்னால் உள்ள அடுக்குமாடிகள் மறைந்துவிடும்.

அலுவலகமோ லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல் மாடியில். இருந்தது ஒரே ஒரு ஜன்னல், அதிலும் ஏர்கானை மாட்டிவிட்டார்கள். கீழேயிருந்து மல்லிகை வாசமும் பக்கத்துக் கடை மட்டன் குழம்பு வாசமும் படியேறி வரும். அதை மூக்கில் வாங்கிக்கொண்டே, பனிக்காற்று முகத்தில் அறைந்தது என்று எழுதி முடித்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன். இப்படியே பாதி ஆயுள் போய்விட்டது. அலுத்துப்போகாதா மனுஷனுக்கு? எனக்கு அலுத்துத்தான் போயிருந்தது. காலுறையை மாட்டக் குனிவதற்கே அலுப்பாக இருந்த காலம் அது.

இந்த லட்சணத்தில்தான் என் மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். என் மனைவியின் ஒரே தம்பி. கப்பலில் சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன். அங்கே ஆட்களைக் குறைத்தபோது அவனையும் குறைத்தார்கள். அதற்கு முன்பே அவன் குடும்பம் ஆட்டம் கண்டிருந்தது. விவாகரத்து முடிந்ததும் ஆங் மோ கியோவில் இருந்த வீட்டையும் விற்றாக வேண்டியதாயிற்று. ஒரு சூட்கேஸோடு வந்து வாசலில் நின்றான்.

"கொஞ்ச நாள்தான்கா," என்றான்.

வந்தவன் சோபாவில் படுத்தான். படுத்தவன் வாசலைத் தாண்டவேயில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவான். கேட்டால் பதில் சொல்வான். ஆனால் செருப்பை மட்டும் மாட்ட மாட்டான்.

"கீழ போய் ஒரு கோப்பியாச்சும் குடிச்சிட்டு வாயேன்டா," என்பாள் அக்காக்காரி.

"கீழ அந்த அங்கிள் உக்காந்திருப்பாரு. இப்ப எங்க வேலன்னு கேப்பாரு."

"கேட்டா சொல்லேன்."

"என்னன்னு சொல்றது?"

அவன் பயமெல்லாம் இதுதான். சின்ன ஊர் இது, எந்தப் பக்கம் போனாலும் தெரிந்த முகம் ஒன்று எதிரே வரும். லிஃப்டில் ஒருவர், மார்க்கெட்டில் ஒருவர், கோயிலில் பத்துப் பேர். வேலை எங்கே, வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள், ஏன் குழந்தை இல்லை என்று கேட்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டம்.

டாக்டரிடம் போனில் முகம் பார்த்துப் பேசினான். மாத்திரை வந்தது, ஒழுங்காகச் சாப்பிட்டான். தூக்கம் மட்டும் வரவில்லை. எங்களுடையது உயரமான மாடி. ஒரு நாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், எல்லா ஜன்னல் கிரில்களும் பூட்டியிருந்தன. சாவியை என் மனைவி தன் கைப்பையில் வைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"ஊர்ல உள்ள ஆம்பளைங்களயெல்லாம் வெளிய போ, வெளிய போன்னு எழுதுறீங்க. வீட்டுல இருக்கிற ஒருத்தன வெளிய கொண்டு வர முடியல, இல்ல?"

சுருக்கென்றது. கோபமும் வந்தது. நான் என்ன டாக்டரா? விளம்பரத்துக்கு நடுவே இடத்தை நிரப்புகிறவன். அதையே திருப்பிச் சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிவரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கூடாரம் வந்தது. ஏஜெண்டுகள் எங்களுக்கு மாதிரிப் பொருள்களை அனுப்புவார்கள். பயன்படுத்திப் பார்த்து நாலு வார்த்தை எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் படுக்கிற பச்சைக் கூடாரம். தையல், ஜிப், உள்ளே பைகள் எங்கே இருக்கின்றன என்றெல்லாம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அனுமதிச் சீட்டு வாங்காமல் பூங்காவில் கூடாரம் அடிக்க முடியாத ஊர் இது. அதற்கு மனு போட்டு, அலைந்து, வெயிலில் நின்று, யாருக்கு வேண்டும்? முளை அடிக்காமலே நிற்கிற ரகம்தானே என்று சோபாவைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு ஹாலிலேயே நிறுத்தினேன். வெளியே போ என்று எழுதுகிறவன் செய்கிற வேலையா அது? எனக்கே சிரிப்பு வந்தது. மச்சினன் சோபாவில் படுத்தபடியே வேடிக்கை பார்த்தான். ஒரு கம்பி சரியாக மாட்டாதபோது மட்டும் வாயைத் திறந்தான்.

"மாமா, தப்பான ஓட்ட அது. பக்கத்துல இருக்கிறத பாருங்க."

அவனாக வாய் திறந்து பேசியதே அதிசயம். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து வந்தால் சோபா காலி. ஓடிப்போய் ஜன்னல்களைப் பார்த்தேன், எல்லாம் பூட்டியபடியே இருந்தன. பின்னால் திரும்பினால் மனைவி கூடாரத்துக்குப் பக்கத்தில் கரண்டியும் கையுமாக நிற்கிறாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"குறட்ட விடுறான்," என்றாள்.

அன்றிலிருந்து அவன் குடித்தனம் கூடாரத்துக்குள்தான். வெளியே கொண்டுவரச் சொன்னால் நான் அவனை இன்னும் உள்ளே தள்ளியிருந்தேன். ஜிப்பைத் திறந்து சாப்பாட்டுத் தட்டை உள்ளே நீட்டினோம். டிவியைக் கூடாரத்து வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தோம். ஹாலில் நடக்கவே இடமில்லை. கால் தடுக்கி நான் ஒரு முறை விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பலகாரம் கொடுக்க வந்தவர், வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்காமல் போய்விட்டார். அவர் நல்லவர். ஆனால் அவன் தூங்கினான். மாதக்கணக்கில் தூங்காதவன் தூங்கினான். அதைச் சொல்லியே என் மனைவி கூடாரத்தில் கைவைக்க என்னை விடவில்லை.

"கழட்டுனீங்க, தெரியும் சேதி," என்றாள்.

ஏஜெண்டிடம் நாளைத் தள்ளிக்கொண்டே போனேன். எவ்வளவு நாள்தான் தள்ளுவது? ஒரு நாள் எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். ஆண்கள் பத்திரிகைக்குப் பெண் ஆசிரியரா என்று கேட்காத ஆள் கிடையாது. தமிழ்க் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடிய தொண்டையோடு திங்கட்கிழமை வந்து எங்களைத் திட்டுவார். அன்று திட்டவில்லை. கதவைச் சாத்தினார்.

"அண்ணே, முதலாளி மூடுறாருலா. இதான் லாஸ்ட் இஷ்யூ."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், கொட்டாவி வந்தது. நாற்காலியின் சாய்மானத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்திருந்தேன்.

"டெண்ட் படம் எங்க? நீங்க அனுப்புனது ஒங்க ஹால்ல எடுத்ததுலா. பின்னால ஃப்ரிட்ஜ் தெரியுது. பெர்மிட் எடுத்துட்டேன், சனிக்கெழம ஈஸ்ட் கோஸ்ட் பீச்சுக்குப் போங்க. மதியம் ஏஜெண்ட் வேன் அங்கயே வந்து வாங்கிக்கும். யாரயாச்சும் முன்னால உக்கார வைங்க. வழக்கம் போல முதுகு போதும்."

வீட்டுக்கு வந்து கூடாரத்து முன்னால் தரையில் உட்கார்ந்தேன். ஜிப் பாதி திறந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். வேலை போகப்போகிறது என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவன் படுத்திருந்தான், இன்னொருவனுக்கு இடமில்லை.

"திரும்பக் கொண்டு வர மாட்டீங்களா?" என்றான்.

"இல்ல மச்சான். அங்கருந்தே போயிரும்."

சமையலறை வாசலில் மனைவி நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். என்ன செய்யச் சொல்கிறாய் என்று நானும் கையை விரித்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யார உக்கார வைக்கப் போறீங்க?"

"யாராச்சும். முதுகுதானே."

"மூஞ்சி தெரியாதா?"

"தெரியவே தெரியாது. எங்க பத்திரிகைல எவனுக்கும் மூஞ்சி கெடையாது."

"அப்ப நான் வர்றேன்," என்றான்.

சனிக்கிழமை காலை தொப்பி, முகக்கவசம், அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி. வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவன் மாதிரி நின்றான். கூடாரப் பையை என்னிடம் கொடுக்கவே இல்லை, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எம்ஆர்டி ரயிலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தலையைத் தூக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும்போது அவன் கால் துடித்தது. இறங்கி ஓடிவிடுவானோ என்று நானும் அவன் சட்டை நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என்னடா பிழைப்பு இது என்றிருந்தது.

கடற்கரையில் அவனே கூடாரத்தை நிறுத்தினான். ஒரு ஓட்டை தப்பவில்லை. எனக்கு முதுகைக் காட்டி, கடலில் நிற்கிற கப்பல்களைப் பார்த்தபடி வாசலோரமாக உட்கார்ந்தான். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுத் தொப்பியையும் கண்ணாடியையும் முகக்கவசத்தையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.

"இப்ப ஓகேயா மாமா?"

"தோளத் தளர்த்திக்க. மல உச்சில உக்காந்திருக்க, அத நெனச்சுக்க."

"மல எங்கருக்கு? எண்ணெய்க் கப்பல்தான் தெரியுது."

படம் எடுக்கத் தொடங்கியபோதுதான் நடைபாதையில் ஒரு குரல் கேட்டது.

"டேய், நீயாடா அது?"

காத்தோங் கோயிலில் எப்போதும் பார்க்கிற ஆன்ட்டி. என் மாமியாரோடு சேர்ந்து பூக்கட்டியவர். நெற்றி நிறைய விபூதி, ட்ராக் சூட், இரண்டு கையிலும் குட்டி டம்பெல். முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முகம் எதற்கு? எந்தக் கேள்விக்குப் பயந்து இந்த ஆள் இத்தனை மாதம் படுத்துக் கிடந்தானோ, அது டம்பெல்லை ஆட்டிக்கொண்டு நேராக வந்துகொண்டிருந்தது. எழுந்து நடுவில் பாயலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் வந்துவிட்டார்.

"எத்தன நாளாச்சு பாத்து! கோயிலுக்கும் வர்றதில்ல. என்னடா இது, தாடி? ஒய்ஃப் எங்க? வேல எப்படிப் போகுது?"

ஒன்றையும் விடவில்லை மகராசி. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்துவிடப் போகிறான் என்றே நினைத்தேன். கை ஜிப் வரைக்கும் போனது. அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பினான்.

"வேல போச்சு ஆன்ட்டி. வீடும் போச்சு. நாங்க பிரிஞ்சிட்டோம். அக்கா வீட்டுலதான் இருக்கேன்."

ஆன்ட்டி டம்பெல் இரண்டையும் மணலில் போட்டார்.

"ஐயோ," என்றார். "அதுக்கு ஏன்டா இப்படி வெயில்ல உக்காந்திருக்க? சாப்டியா?"

"இல்ல ஆன்ட்டி."

இடுப்புப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவன் கையில் திணித்தார். "வெள்ளிக்கெழம கோயிலுக்கு வா. அன்னதானத்துக்குக் காய் வெட்ட ஆளே இல்ல, நாங்க கெழவிங்களே வெட்டிக்கிட்டு இருக்கோம். தாடிய எடுத்துட்டு வா." டம்பெல்லைப் பொறுக்கிக்கொண்டு என்னையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்விட்டார். அவன் வெயிலில் உட்கார்ந்ததற்கு நான்தான் காரணம் என்பது போல.

மச்சினன் பழத்தை உரித்தான். ஒரு கடி கடித்தான். என்னைப் பார்த்தான்.

"இவ்ளோதானா மாமா?"

"இவ்ளோதான் போல," என்றேன்.

அவன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு, வாய் நிறையப் பழம். பழக்கதோஷத்தில் என் விரல் கேமராவை அழுத்திவிட்டது.

மதியம் வேன் வந்தது. கூடாரத்தை அவனே மடித்து, மணலைத் தட்டி, பையில் போட்டுக் கொடுத்தான். வேன் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். எங்கள் பத்திரிகையாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன். அன்றைக்குச் சோபாவில் புரண்டு புரண்டுதான் படுத்திருந்தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை. அடுத்த வெள்ளி போனான். திரும்பி வந்தவன் கைகளில் பரங்கிக்காய்ப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. என் மனைவி கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, ஹால் ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்துவிட்டாள்.

இதற்கிடையில் ஆசிரியர் எல்லாப் படங்களையும் பார்த்திருந்தார். முதுகுப் படங்களைத் தள்ளிவிட்டு, வாயில் பழத்தோடு இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்.

"இது தப்பா எடுத்ததும்மா," என்றேன்.

"தெரியும்லா. இத்தன வருஷம் முதுகக் காட்டியாச்சு, கடைசி தடவ மூஞ்சி போடுவோம்ணே. ஆனா அவருக்கு ஓகேயான்னு கேளுங்க. இல்லன்னா வேணாம்."

கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முகம் தெரியாது என்று வாக்குக் கொடுத்துத்தானே கூட்டிக்கொண்டு போனேன்? கேட்ட உடனே திரும்பச் சுருண்டுவிட்டால் என் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டு மூன்று நாள் தட்டிக்கழித்தேன். கடைசியில் ஒரு சாயங்காலம் போனை அவன் முன்னால் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தான். அவன் தோளுக்கு மேலாக அவளும் எட்டிப் பார்த்தாள்.

"வெயில் பட்டிருக்குடா மூஞ்சில," என்றாள் அவள்.

"போடுங்க மாமா," என்றான் அவன். "யாராச்சும் கேட்டா, நான்தான்னு சொல்லுங்க."

கடைசி இதழ் வந்த அன்று அலுவலகத்தைக் காலி செய்தோம். அதற்குள் வீட்டிலும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். பெட்டிகளைத் தூக்க அவனும் வந்தான். லிட்டில் இந்தியா வரைக்கும், தொப்பி இல்லாமல், சவரம் செய்த முகத்தோடு. வேலை முடிந்து கீழே, நான் வழக்கமாகச் சாப்பிடுகிற கடையில் உட்கார்ந்தோம். நான் மூலையில் சுவரைப் பார்த்த நாற்காலியாகத் தேடி உட்கார்ந்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. கடைக்கார அண்ணன் தோசையை வைத்துவிட்டு, அன்றாடம் கேட்பதைத்தான் கேட்டார்.

"பத்திரிகல்லாம் எப்படிப் போகுது சார்?"

சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா போகுது என்று சொல்ல வாய் தயாராகிக்கொண்டிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்து போய்விடலாமா என்றும் தோன்றியது.

"மூடிட்டாங்கண்ணே," என்றான் மச்சினன், தோசையைப் பிய்த்துக்கொண்டே. "மாமா நாளையிலருந்து வீட்டுலதான்."

அவனை அறைய வேண்டும் போல வந்தது. நிமிர்ந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்படியா சார்," என்றார் அவர். "ஒரு ஊத்தப்பம் வைக்கட்டா? சூடா இருக்கு."

"வைங்க," என்றேன்.